அகப்பற்றும் புறக்கண்டிப்பும்: ஆறுமுக நாவலரும் இராமலிங்க அடிகளும்

சமய வரலாறு பயில்வோர்க்கு ஒரு வினா எழுவது இயல்பு. தம் உள்ளத்தே இறைவன்பால் ஆழ்ந்த அன்பும், தம் வாழ்வில் மாசற்ற ஒழுக்கமும் உடைய பெரியோர் சிலர், பொதுவாழ்வில் பிறர்பால் மிகக் கடுமையாக நடந்துகொள்வது ஏன்? அக்கடுமை அவ்வன்பிற்கு முரணானதா, அன்றி அவ்வன்பிலிருந்தே பிறந்ததா?

மேனாட்டு வரலாற்றாசிரியர் இவ்வினாவைப் பியூரிட்டன்கள் எனப்படும் தூய்மைநெறியாளரை முன்வைத்துப் பலகாலும் ஆராய்ந்துள்ளனர். இங்கிலாந்தில் இவர்கள் செல்வாக்குற்றபோது 1642இல் நாடக அரங்குகள் மூடப்பட்டன. 1647இல் கிறித்துமசு விழாவும் விலக்கப்பட்டது. அமெரிக்காவின் மசாசூசெட்சுக் குடியேற்றத்தில் ஆளுநராய் விளங்கிய ஜான் வின்திராப், தம் குற்றங்களைத் தாமே நாட்குறிப்பில் எழுதி வருந்திய அடியார். அவரே ஆன் அட்சின்சன் என்னும் பெண்மணியை, அவர்தம் சமயக் கருத்துக்காக 1637இல் விசாரித்து நாடுகடத்தும் தீர்ப்பினை வழங்கிய மன்றத்தின் தலைவர். அகத்தே கண்ணீரும் புறத்தே கண்டிப்பும் ஒருவரிடமே அமைந்திருந்தன.

இவ்வினாவை ஆராய நாம் மேனாடு செல்ல வேண்டுவதில்லை. சிதம்பரத்திலும் கடலூரிலும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், இதற்கு நிகரானதொரு நிகழ்ச்சி நடந்தது. ஆறுமுக நாவலர்க்கும் இராமலிங்க அடிகட்கும் இடையே எழுந்து, 1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்ற பூசலே அது. அருட்பா மருட்பாப் போர் எனத் தமிழுலகம் அதனை வழங்கும். யார் வென்றார் என்பதையே பலரும் ஆராய்ந்துள்ளனர். கண்டிப்பு எதுவரை செல்லலாம், எங்கே நிற்றல் வேண்டும் என்னும் கேள்விக்கு அப்பூசல் தரும் விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இருவர் வாழ்வு

நாவலர் யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822 திசம்பர் 18ஆம் நாள் தோன்றினார். அடிகள் சிதம்பரத்திற்கு வடமேற்கே உள்ள மருதூரில் 1823 அக்டோபர் 5ஆம் நாள் தோன்றினார். பிறப்பில் ஓராண்டும் இடைவெளியில்லாத இவ்விருவரும் பலவற்றில் ஒத்தவர். இருவரும் இளமையிலேயே துறவுள்ளம் வாய்த்தவர். இருவரும் சொற்பொழிவாலும் உரைநடையாலும் அச்சினாலும் மக்களை அணுகியவர். உயிர்ப்பலியை இருவரும் வெறுத்தனர். பசித்தோர்க்கு உணவளித்தலை அடிகள் தம் நெறியின் உயிர்நிலையாகக் கொண்டு, 1867 மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது எரிகின்றது. நாவலரும் 1870களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணம் பஞ்சத்தால் வாடியபோது கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். கடுமையாளர் என நாம் கேட்டறிந்த நாவலரின் மற்றொரு முகம் இது.

நாவலர் வெசுலியன் சங்கத்தார் பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் பணிபுரிந்தார். பீட்டர் பெர்சிவல் பாதிரியார் மேற்கொண்ட விவிலியத் தமிழாக்கத்திற்குப் பெருந்துணையாக நின்றார். 1847இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கம் தொடங்கி, மறு ஆண்டில் பள்ளிப்பணியைத் துறந்து சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் அவர்க்கு நாவலர் என்னும் பட்டம் அளித்தது. 1864இல் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையை ஏற்படுத்தினார். தமக்கென மனையும் மக்களும் தேடாது, ஈட்டியதையெல்லாம் பள்ளிக்கும் பதிப்பிற்குமே செலவிட்டார். விடியற்காலை நீராட்டும் சிவபூசையும் நாள்தோறும் தவறாதவர். இத்தகையவர் பிறரைக் கண்டிக்கப் புகுந்தபோது, தமக்கு விதித்துக்கொள்ளாத எதனையும் பிறர்க்கு விதித்தாரல்லர். அவர் கண்டிப்பினை மதிப்பிடுவோர் முதற்கண் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

2. தம் வீட்டைக் கண்டித்தல்

நாவலரின் கண்டனங்களுள் பாதிரிமார்க்கு எதிராக 1854இல் வெளிவந்த சைவ தூஷண பரிகாரமே பலரும் அறிந்தது. ஆயினும் அவர் சைவரைக் கண்டித்தது அதனினும் குறைந்ததன்று. யாழ்ப்பாணச் சமயநிலை என்னும் நூலில் சைவக் குருக்களும் கோயில் அதிகாரிகளும் நடந்துகொள்ளும் முறையைக் கடிந்தார். நல்லூர்க் கந்தசுவாமி கோயில், தாம் பிறந்த ஊரின் கோயில். அங்கு நடைபெறும் வழிபாடு ஆகமத்தோடு ஒவ்வாது என்றும், தேவதாசியர் ஆடல் திருவிழாவிற்குத் தகாது என்றும் 1875இல் பத்திரிகைகள் எழுதி வெளியிட்டார். தம் ஊரவர் பலர் பகைவராயினர், அவர் பின்வாங்கவில்லை.

சிதம்பரத்திலும் அவர் செய்தது இதுவே. தில்லைவாழந்தணராகிய தீட்சிதர்கள் வைதிக மரபினர். சைவாகம முறைப்படி சிவதீட்சை பெறுதல் அவர்தம் வழக்கமன்று. சிவதீட்சை பெறாதார் கையால் திருநீறு பெறுதல் தகாது என்பது நாவலர் கொள்கை. சைவர்க்கெல்லாம் கோயில் என்னும் பெயராலேயே வழங்கும் தலத்தில், அத்தலத்தின் பூசகரைக் குறித்தே இவ்வாறு கூறும் துணிவு எளியதன்று. அருட்பாப் பூசலில் தீட்சிதருட் சிலர் அடிகள் பக்கம் நின்றதற்கு, அடிகளின் பாட்டின்மீது கொண்ட பற்றினும் நாவலர்மீது கொண்ட சினமே பெருங்காரணம் எனக் கருத இடமுண்டு. அடிகளின் பிற்காலக் கருத்துக்களை நோக்குமிடத்து அவரும் தீட்சிதர்க்கு உடன்பாடானவர் அல்லர் என்பது இதனை வலியுறுத்தும்.

இவ்வளவில் நாவலரின் கண்டிப்பு நேரியது. கோயிற்பொருள், பூசைமுறை, குருக்களின் கல்வி ஆகியவை யாவரும் காணத்தக்கவை. நூலை அளவாகக் கொண்டு அளக்கத்தக்கவை. கண்டிக்கப்பட்டோரும் விடைகூற இயலும். எனினும் சாதி வேறுபாட்டினை அவர் ஆசாரத்தின் ஒரு கூறாகவே கொண்டு, அதனை மட்டும் தம் கண்டிப்பிற்கு உட்படுத்தாது விட்டார். பிறவற்றில் கூர்ந்து நோக்கிய கண் இங்கே நோக்கவில்லை என்பதையும் நாம் சொல்லாது விடல் இயலாது.

3. அச்சில் வந்தது யாது?

அருட்பாப் பூசலைப் பழைமைக்கும் புதுமைக்கும் நடந்த போராகச் சித்திரிப்பது பிற்கால வழக்கம். சாதியையும் சமயப் பூசலையும் சாடிய அடிகளை வைதிகச் சைவராகிய நாவலர் எதிர்த்தார் என்பர். கால அடைவினை நோக்கின் இக்கருத்துத் திருத்தம் பெறல் வேண்டும்.

அடிகளின் பாடல்களைத் தொகுத்து ஆறு திருமுறைகளாக வகுத்தவர் அவர்தம் மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார். 1867இல் அச்சேறியவை முதல் நான்கு திருமுறைகளே. ஐந்தாம் திருமுறை 1880இலும், ஆறாம் திருமுறை 1885இலும் வெளிவந்தன. நாவலரோ 1879 திசம்பர் 5ஆம் நாள் மறைந்தார். ஆகவே, சாதி சமயங்களை வன்மையாக மறுக்கும் பாடல்கள் செறிந்த ஆறாம் திருமுறையை நாவலர் அச்சில் கண்டாரல்லர். சில பாடல்கள் ஏட்டிலும் வாய்மொழியிலும் வழங்கியிருத்தல் கூடும்; ஆயினும் அன்று நூலாக விளங்கியது திருவொற்றியூர்ச் சிவனையும் தில்லைக் கூத்தனையும் நெஞ்சுருகிப் பாடிய பாடற்றொகுதியே. சமய குரவர் நால்வரையும் போற்றும் அருண்மாலைகளும் அடிகள் பாடியவை. இவற்றில் சைவத்திற்கு மாறான கொள்கை யாது?

எனவே நாவலரின் எதிர்ப்பு, பெரும்பாலும், பாட்டின் பொருளைப் பற்றியதன்று. பெயரையும் நிலையையும் பற்றியது. திருவருட்பா என்னும் பெயர் தேவார திருவாசகங்கட்கு உரிய அருட்பா என்னும் வழக்கை ஒட்டியது. திருமுறை என்னும் பகுப்பும் அவ்வாறே. இப்பாடல்களைக் கோயில்களில் தேவாரம் ஓதும் இடத்தில் ஓதத் தலைப்பட்டதும், பாடியவரைப் பற்றி அற்புதக் கதைகள் பரவியதும் பூசலை வளர்த்தன. பன்னிரு திருமுறை என்பது நிறைவுற்ற தொகுதி. அதனோடு புதியதொன்றை ஒப்பவைக்க ஒருவர்க்கும் உரிமையில்லை என்பது நாவலர் கருத்து. பாதிரிமாரோடு வாதிட்டுப் பழகியவர், தம் சமயத்திற்கும் வரையறுத்த மறைநூல் ஒன்று உறுதியாக வேண்டும் என்பதை நன்குணர்ந்தவர். அவர்தம் அச்சத்திற்குக் காரணம் இருந்தது.

ஆயின் இப்பெயரும் பகுப்பும் அடிகள் இட்டவையல்ல. வேலாயுத முதலியார் இட்டவை. தம்மை இராமலிங்கசாமி என்று வழங்குவது ஆரவாரமாகத் தோன்றுகிறது என்று கூறி, அதனை விலக்குமாறு அன்பர்க்குக் கடிதம் எழுதியவர் அடிகள். அத்தகையவரைப் பட்டம் விழைந்தவராகக் காட்டுதல் பொருந்துமா? போலியருட்பா மறுப்பு இவ்வேறுபாட்டினைப் பொருட்படுத்தவில்லை. தொகுத்தவர் செய்ததும் தொண்டர் பேசியதும் பாடியவர் மேலேயே ஏற்றப்பட்டன. அடிகள் தரப்பினரும் வாளாவிருந்தாரல்லர். அவர்தம் மறுப்புகளுள் ஒன்று திருவருட்பா தூஷண பரிகாரம் என்னும் பெயருடையது. பாதிரிமாரை மறுக்க நாவலர் கையாண்ட பெயரமைப்பே நாவலரை மறுக்கவும் பயன்பட்டது. புறச்சமயத்தாரோடு போரிடப் பழகிய நடை சொந்தச் சமயத்தாரிடையே திரும்பியதற்கு இஃது ஒரு சான்று.

4. மஞ்சக்குப்பம்

1869இல் சிதம்பரம் கோயிலில் கூடிய கூட்டத்தில் தம்மை அவமதித்துப் பேசினர் என்பது நாவலரின் முறையீடு. வழக்கு மஞ்சக்குப்பம் சென்றது. அருட்பாவா மருட்பாவா என்பதை ஆங்கில நீதிமன்றம் தீர்த்துவைத்தது எனப் பலர் எண்ணுவர். அஃது உண்மையன்று, வழக்கிற்குப் பொருளாயது அவதூறே.

வழக்கின் முடிவினை இரு தரப்பினரும் இருவேறு வகையாகக் கூறுவர். அடிகள் மன்றத்துள் நுழைந்தபோது அனைவரும் எழுந்து நின்றனர், நாவலரும் தம்மையறியாது எழுந்தார், எதிரியே மதிக்கும் ஒருவர்மீது வழக்கு ஏது என்று நீதிபதி தள்ளிவிட்டார் என்பது வள்ளலார் அன்பர் வழங்கும் வரலாறு. தீட்சிதர் ஒருவர் தண்டம் பெற்றார், அடிகள் தாம் இழித்துப் பேசவில்லை எனக் கூறி விடுபட்டார் என்பது நாவலர் தரப்பார் கூற்று. அக்காலத்துக் கண்டன நூல்களையும் துண்டுவெளியீடுகளையும் அண்மையில் ப. சரவணன் தேடித் தொகுத்து வெளியிட்டுள்ளமையால், செவிவழிக் கதைகளைச் சான்றுகளோடு ஒப்பிட்டு நோக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியுள்ளது. அவ்வாறு நோக்குவார்க்கு ஒன்று புலனாகும்: பிற்காலத்தார் ஒவ்வொருவரும் தம் தலைவர்க்கு ஏற்ற நீதிமன்றம் ஒன்றைப் படைத்துக்கொண்டனர்.

நாம் கருதவேண்டியது வேறு. தீட்சை, ஆகமம், குருமரபு என்பவற்றையே உயிரெனக் கொண்ட நாவலர், இவற்றுள் ஒன்றையும் அறியாத ஒரு மன்றத்தின் முன் தம் மானத்தை வைத்தார். சைவத்தின் பெருமையைக் காக்கப் புறப்பட்ட கண்டிப்பு, ஈண்டுத் தம் பெருமையைக் காப்பதாக மாறிற்று. அவர்பால் மதிப்புடையோர்க்கும் இது வருத்தம் தருவதே.

5. அடிகளின் கண்டிப்பு

அடிகள் கருணையே வடிவானவர், நாவலர் கண்டிப்பே வடிவானவர் என்று பகுப்பது எளிது. ஆனால் அது வரலாறாகாது. அடிகளும் வாதிட்டவர். கடலூரில் பிரம சமாசத்தைச் சேர்ந்த ஸ்ரீதர நாயக்கரோடு உருவ வழிபாடு குறித்து வாதம் நிகழ்த்தினார். தம் நெறியில் புலாலுண்ணாதாரை அக இனத்தார் என்றும், உண்பாரைப் புற இனத்தார் என்றும் வகுத்தார். 1872 சனவரியில் வடலூர்ச் சத்திய ஞானசபையில் வழிபாடு தொடங்கிற்று. அவ்வாண்டு சூலையில் அதற்கு வகுத்த விதிகளில், உள்ளே விளக்கேற்றுவோரின் வயதும் தூய்மையும்கூட வரையறுக்கப்பட்டன. பன்னிரண்டு வயதிற்கு உட்பட்டோரும் எழுபத்திரண்டிற்கு மேற்பட்டோருமே அதற்கு உரியர் என்பது விதி. 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் நிகழ்த்திய பேருபதேசத்தில், தாம் முன்னர்ச் சைவத்தில் வைத்திருந்த பற்றினையே கைவிட்டதாகக் கூறினார். தூய்மையை நாடிய உள்ளத்தின் கடுமை இவற்றில் தெளிவாகவே உள்ளது.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. புற இனத்தார்க்கும் பசி நீக்குதல் வேண்டும் என்பது அவர் விதி. ஞானசபையின் வாயிலில் கண்டிப்பு நின்றது. தருமசாலையின் வாயிலில் அது நிற்கவில்லை. ஒருவரைத் தம் நெறியினுள் கொள்ளாமைக்கும் அவர்மீது அன்பு கொள்ளாமைக்கும் இடையே அடிகள் ஒரு கோடு வகுத்தார். அன்றியும், பேருபதேசத்தில் அவர் கைவிட்டதாகக் கூறியது பிறர் பற்றினையன்று, தம் பற்றினையே.

6. பெரியபுராணம் காட்டும் அளவுகோல்

இருவர் கண்டிப்பையும் அளக்க நமக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதனை வெளியே தேட வேண்டுவதில்லை. 1852இல் நாவலர் பெரியபுராணத்தை வசனமாக்கி வெளியிட்டார். 1854இல் அடிகள், அப்புராணத்துத் திருநகரச் சிறப்பில் வரும் மனுச்சோழன் வரலாற்றை விரித்து, மனுமுறை கண்ட வாசகம் இயற்றினார். இருவரும் சேக்கிழாரிடம் பயின்றவரே.

பெரியபுராணத்தில் கடுமைக்குக் குறைவில்லை. சண்டேசர் தந்தையின் தாளைத் துணித்தார். பூவை மோந்த தேவியின் மூக்கைச் செருத்துணையார் அரிந்தார். அப்பூவை எடுத்த கையைக் கணவராகிய கழற்சிங்கர் தடிந்தார். அடியாரை இகழ்ந்தோர் நாவைச் சத்தியார் அரிந்தார். சைவத்தின்பொருட்டுக் கடுமை காட்டியோர் இத்தகைய முன்னோரை நினைந்தே தம் செயலை நேரியதெனக் கொண்டிருப்பர்.

அதே புராணம் திருக்கோவலூர் மெய்ப்பொருளாரையும் காட்டுகின்றது. நடுநாட்டு மன்னராகிய அவர், பகைவன் பூண்டு வந்த பொய்வேடத்தையும் மெய்ப்பொருளெனத் தொழுதார். தம்மைக் குத்தியவனுக்கும் தீங்கு நேராது அனுப்பிவைக்கச் செய்தார். ஏனாதிநாதர் பகைவன் நெற்றியில் திருநீறு கண்டு வாளைத் தாழ்த்தினார். வேடம் உண்மையா பொய்யா என ஆராய்வது அடியார் கடனன்று என்பதே இவ்வரலாறுகளின் கருத்து. மனுச்சோழன் வரலாறோ கண்டிப்பு முதற்கண் எவ்விடம் செல்லவேண்டும் என்பதைக் காட்டுகின்றது. கன்றிழந்த பசுவின்பொருட்டுத் தன் ஒரே மகன்மீது தேரைச் செலுத்தினான் அவன். அடிகள் அவ்வுரைநடையில் மன்னன் தான் செய்த பாவம் யாதோ எனத் தன்னையே வினவி வருந்தும் பகுதியை மிக விரித்தெழுதியது குறிக்கத்தக்கது.

சைவ சித்தாந்தமும் இதற்கு அரணாக உள்ளது. ஓர் உயிரின் மலபரிபாகத்தையும் அதன்கண் நிகழும் சத்திநிபாதத்தையும் இறைவனே அறிவான்; அவன் அருள்பெற்ற குரு அறிவான். அங்ஙனமாயின், கோயிலில் எதனை ஓதவேண்டும் என்று வரையறுப்பது நாவலர்க்கு உரிய பணி. ஒரு பாட்டு அருளால் எழுந்ததா மருளால் எழுந்ததா எனத் தீர்ப்பது அவர் போற்றிய சாத்திரப்படியே அவர்க்கு உரியதன்று. ஓதுமுறை பற்றிய வாதம் நூல்வழக்கு. மருட்பா என்னும் சொல்லோ மற்றோர் உயிரின் அகத்தைப் பற்றிய தீர்ப்பு. நாவலர் தம் எல்லையைக் கடந்த இடம் இதுவே என்பது நம் கருத்து.

7. திரும்பிய கண்டிப்பு

இருவரும் மறைந்த பின்னும் பூசல் ஓயவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நா. கதிரைவேற் பிள்ளை அருட்பாவை மறுத்துப் பேச, மறைமலையடிகள் அதனை ஆதரித்துப் பேசினார். செய்குத்தம்பிப் பாவலர் என்னும் இசுலாமியப் புலவர் அருட்பாவின் பக்கம் நின்று முழங்கியது தமிழர்தம் சமய வரலாற்றில் ஓர் அரிய காட்சி. கதிரைவேற் பிள்ளையின் மாணவராகிய திரு. வி. கலியாணசுந்தரனார் ஆசிரியர் வழிநின்று அன்று அருட்பாவை எதிர்த்தவர். பின்னாளில் அவரே இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம் என்னும் நூலை எழுதினார். தம் இளமைக்காலக் கண்டனங்களையும் தம் வாழ்க்கைக் குறிப்புகளில் மறையாது பதிந்து வைத்தார்.

மேனாட்டிலும் இதற்கோர் இணை உண்டு. சேலம் நகரில் 1692இல் சூனியக்காரர் எனப் பலரைத் தூக்கிலிடத் தீர்ப்பளித்த நடுவருள் ஒருவர் சாமுவேல் சீவால். ஐந்தாண்டு கழித்து, 1697 சனவரியில், பாசுடன் நகரத் திருச்சபையில் எல்லார் முன்னும் எழுந்து நின்று, தம் குற்றத்தை ஒப்பிய எழுத்தைப் போதகர் படிக்கக் கேட்டு வணங்கினார். பிறரைத் தீர்ப்பிட்ட கண்டிப்பு தம்மேல் திரும்பியபோது, அது சமயப்பண்பு ஆயிற்று.

இதுகாறும் ஆராய்ந்தவாற்றால் பின்வருவன பெறப்படும். நாவலரின் கண்டிப்பு அவர்தம் பற்றிற்கு முரணானதன்று, அதன் விளைவே. 1867 முதல் 1869 வரை நிகழ்ந்த பூசல், கொள்கையினும் பெயரும் உரிமையும் பற்றியதே. அக்கண்டிப்பு ஒழுக்கத்தையும் முறையையும் அளந்தவரை சைவத்திற்கு ஆக்கம் தந்தது. பிறர் அகத்தை அளக்கப் புகுந்தபோது தன் சாத்திரத்தையே மீறிற்று. அடிகளிடத்தும் கண்டிப்பு உண்டு. ஆயின் அஃது அன்னம் இடும் கையைத் தடுக்கவில்லை.

இன்று சிதம்பரத்தில் நாவலர் நிறுவிய பள்ளி நடைபெறுகின்றது. அதே ஊரில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஔவை சு. துரைசாமிப் பிள்ளையின் உரையோடு திருவருட்பா முழுவதையும் வெளியிட்டது. அவர்தம் உரையைப் பயிலும் மாணவர்க்கு நாவலர் பதிப்புகளும் வேண்டும்; நாவலர் வசனத்தைப் பயில்வார்க்கு வள்ளலாரின் வாசகமும் வேண்டும். இருவருள் ஒருவரைத் தெரிந்தெடுக்கும் கடமை தமிழ் ஆராய்ச்சியாளர்க்கு இல்லை. இருவர் கண்டிப்பும் எங்கே நேரியது, எங்கே வழுவியது என நடுநின்று காண்பதே நம் கடமை. அவ்வாறு காணும்போது நம் கண்டிப்பையும் அவ்வளவுகோலால் அளந்துகொள்ளுதல் நன்று.